டிரம்மைப் புதுப்பிப்பதா, டிஸ்க்குக்கு மாறுவதா? மோரிஸ் மைனரை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடி பிரேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: டிரம்மைக் கழற்றிக் கடாசிவிட்டு முன்சக்கரத்துக்கு டிஸ்க் போடு. போட்டவர்கள் சொல்லும் சாட்சியமும் பொய்யில்லை. முன்பெல்லாம் காலை அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், பெடல் தரை வரை போகும். இப்போது நினைத்த இடத்தில் நிற்கிறது என்பார்கள்.

ஆனால் அந்தச் சாட்சியத்தில் ஒரு கோணல் இருக்கிறது. அவர்கள் கழற்றியது எப்படிப்பட்ட டிரம்? லைனிங் தேய்ந்து, வீல் சிலிண்டர் கசிந்து, அட்ஜஸ்ட் செய்ய ஆளில்லாமல் வருஷக்கணக்கில் கிடந்த டிரம். மாட்டியது எப்படிப்பட்ட டிஸ்க்? பெட்டியிலிருந்து பிரித்த புதுச் சாமான். அதோடு சேர்த்துப் புது ஹோஸ், புது ஆயில். இது டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் நடந்த போட்டியே இல்லை. பழசுக்கும் புதுசுக்கும் நடந்த போட்டி. நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் முழுசாகப் புதுப்பித்த டிரம்மையும், முறையாக மாட்டிய டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதைத்தான் செய்கிறது.

எடுத்துக்கொண்ட வண்டி

இதற்குத் தோதான வண்டி மோரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து, 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. சுமார் 16 லட்சம் வண்டிகள் தயாராயின. பிரிட்டனில் பத்து லட்சத்தை எட்டிய முதல் கார் இதுதான். இந்தியாவில் இதன் முதல் வடிவத்தை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது. இலங்கையில் இது இன்றும் ஓடும் வண்டி. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் உதிரிபாகத் தயாரிப்புக்கு இலங்கையைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அங்கே இந்த வண்டியோடு பழக்கம் இருந்தது.

மைனரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம்தான். தொடக்கத்தில் எல்லாமே 7 அங்குலம். 1962-ல் எஞ்சின் 948 சி.சி.யிலிருந்து 1098 சி.சி.க்கு உயர்ந்து, சக்தி 37 குதிரையிலிருந்து 48-க்குப் போனபோது, முன் டிரம்மை 8 அங்குலமாக்கினார்கள். பின்னால் 7 அங்குலமே நீடித்தது. அதே 1962-ல், மைனரைத் தயாரித்த அதே பி.எம்.சி. நிறுவனம் எம்.ஜி. மிட்ஜெட் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதே 1098 எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கேற்றிக் கொடுத்தது. அந்த வண்டியின் முன்சக்கரத்துக்குப் போட்டது டிஸ்க்!

ஒரே வருஷம், ஒரே கம்பெனி, ஒரே குடும்பத்து எஞ்சின். ஒன்றுக்குப் பெரிய டிரம், மற்றொன்றுக்கு டிஸ்க். இதற்குச் சிக்கனமும் ஒரு காரணம்தான். ஆனாலும் மிட்ஜெட்டை வாங்குகிறவன் வேகமாகப் போய், அடிக்கடி பிரேக் அடித்து, மறுபடி வேகம் எடுப்பவன். மைனரை வாங்குகிறவர் குடும்பத்தோடு கடைக்குப் போகிறவர். எந்த வேலைக்கு எந்த பிரேக் என்ற கேள்விக்கு அந்தக் காலத்துப் பொறியாளர்கள் தந்த பதில் இது. இன்றைக்கும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வயதில் இரண்டும் ஒன்று

டிரம் பழைய காலத்தது, டிஸ்க் நவீனம் என்று நினைப்பது வழக்கம். பிறந்த வருஷத்தைப் பார்த்தால் இரண்டும் 1902. பிரான்ஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்குக்கு வடிவம் கொடுத்த அதே வருஷம், பர்மிங்காமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். டிரம் முந்திக்கொண்டது, டிஸ்க் அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1953-ல் டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் சி-டைப் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1955-ல் சித்ரோன் டி.எஸ்., 1956-ல் டிரையம்ஃப் டி.ஆர்.3 என்று சாலைக் கார்களுக்கும் டிஸ்க் இறங்கி வந்தது. ராத்திரி பகலாக, ஒவ்வொரு சுற்றிலும் உச்ச வேகத்திலிருந்து பிரேக் அடிக்க வேண்டிய பந்தயத்தில் டிஸ்க் ஜெயித்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கே ஜெயித்ததோ அங்கேதான் அதன் பலம்.

பிடிக்கும் விதம்

டிரம்முக்குள் அரைவட்டமான இரண்டு ஷூக்கள். ஆயில் அழுத்தம் வீல் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ள, ஷூ விரிந்து சுழலும் டிரம்மின் உள்சுவரில் உரசுகிறது. ஷூவின் நுனி டிரம் சுழலும் திசையைப் பார்த்து நின்றால், உரசல் அந்த ஷூவை மேலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கதவுக்கு அடியில் வைத்த ஆப்பைக் கதவே தள்ளத் தள்ள இறுகுவதைப் போல. இப்படிப்பட்ட ஷூவுக்கு லீடிங் ஷூ என்று பெயர். மைனரின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர். இரண்டு ஷூவுமே லீடிங். காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் இல்லாமலே ஒரு சின்னக் கால் அந்த வண்டியை நிறுத்திவிட முடிந்தது இந்த உபாயத்தால்தான்.

டிஸ்க்கில் இந்த இலவச உதவி கிடையாது. காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் இரண்டு பேடுகளை இரும்புத் தட்டின் இரு பக்கமும் நேராக அழுத்துகிறது. அழுத்திய அளவுக்குப் பிடி. கூடவும் இல்லை, குறைவும் இல்லை. அதனால் அதே நிறுத்தத்துக்கு டிஸ்க்கில் அதிக அழுத்தம் தேவை. பெடல் கனக்கும், பலர் பூஸ்டர் சேர்ப்பது அதனால்தான்.

இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மீதி எல்லாமே கிளைக்கிறது. தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் ஷூவுக்கு, லைனிங்கின் உராய்வில் ஏற்படும் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும். உராய்வு கால்வாசி குறைந்தால் டிஸ்க்கின் பிடியும் கால்வாசிதான் குறையும். இரட்டை லீடிங் டிரம்மின் பிடி அதைவிட நிறையக் குறையும். இடது பக்க லைனிங்கில் எண்ணெய்ப்பசை பட்டு வலது பக்கம் சுத்தமாக இருந்தால், டிரம் வண்டி வெடுக்கென்று ஒரு பக்கம் இழுப்பதும் இதனால்தான். டிரம்முக்கு உதவி செய்வதும் இந்தக் குணம்தான். உபத்திரவம் கொடுப்பதும் இதுதான்.

ஒரே ஒரு தடவை நிறுத்தினால்

80 கி.மீ. வேகத்தில் போகும் மைனரின் முன்னால் ஒரு மாடு குறுக்கே வருகிறது. புதுப்பித்த டிரம் உள்ள வண்டியும் டிஸ்க் உள்ள வண்டியும் எங்கே நிற்கும்? உலர்ந்த தார்ச்சாலையில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில். காரணம், சக்கரம் உருள்வதை நிறுத்தும் அளவுக்கு இரண்டு பிரேக்குக்கும் வலு இருக்கிறது. அதற்கு மேல் வண்டியைப் பிடித்து நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு. அந்தப் பிடிப்பு எடையில் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க சுமார் 36 மீட்டர் தேவை. டிஸ்க் போட்டால் அது 26 ஆகிவிடாது. மைனரின் 14 அங்குலச் சக்கரத்தில் பத்து வருஷம் இறுகிப்போன டயரை வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் மாற்றுகிறவர், பணத்தைத் தப்பான இடத்தில் போடுகிறார்.

சூட்டையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு 900 கிலோ எடை, 80 கி.மீ. வேகம் என்றால் வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 220 கிலோஜூல். அதில் 70 சதவீதத்தை முன்சக்கரங்கள் வாங்கிக்கொள்வதாகவும், முன் டிரம் ஒன்று 4 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், ஒரு நிறுத்தத்தில் டிரம்மின் சூடு ஏறத்தாழ 40 டிகிரிதான் உயரும். டிரம்முக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒற்றை நிறுத்தத்தில் இரண்டும் சமம். டிஸ்க்கில் பெடலுக்கும் பிடிக்கும் உள்ள உறவு சீராக இருப்பதால் காலுக்கு நம்பிக்கை கூடும், அவ்வளவுதான்.

மலையிறக்கம்

கதை மாறுவது இங்கே. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர். கண்டி சுமார் 500 மீட்டர். மேலிருந்து கீழே வருவதற்குள் அந்த 900 கிலோ வண்டி இழக்க வேண்டிய ஆற்றல் 12 மெகாஜூல். 80 கி.மீ. வேகத்திலிருந்து ஐம்பது தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவது இதைவிடப் பெரிய கணக்கு. எஞ்சினும் காற்றும் ஒரு பங்கைத் தாங்கும். மிச்சத்தை பிரேக் தாங்க வேண்டும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்ற மலைப்பாதை விதி டிரம் பிரேக் காலத்து டிரைவர்களுக்கு உயிர்காக்கும் விதியாக இருந்தது அதனால்தான்.

சூடேறும்போது டிரம்முக்கு மூன்று பக்கமிருந்து அடி விழுகிறது. முதலாவது, லைனிங்கின் உராய்வு குறைகிறது. தன்னைத்தானே இறுக்கும் குணத்தால் அந்தக் குறைவு பெருகித் தெரிகிறது. இரண்டாவது, டிரம் விரிகிறது. 8 அங்குல வார்ப்பிரும்பு டிரம் 200 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக அகலும். ஷூ அந்த இடைவெளியைத் துரத்திப் போக வேண்டும். பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். மூன்றாவது, சூடு உள்ளேயே அடைபடுகிறது. வெளிக்காற்று படுவது டிரம்மின் முதுகில் மட்டும்; உரசல் நடப்பதோ வயிற்றுக்குள்.

டிஸ்க்கில் இந்த மூன்றில் இரண்டு இல்லை. தட்டு சூட்டில் தடிக்கும், அதாவது பேடை நோக்கி வரும், விலகிப் போகாது. உரசும் முகமே காற்றில் திறந்து கிடக்கிறது. பேடின் உராய்வு குறையலாம். அது பெருகித் தெரியாது. ஆயில் கொதிக்கும் ஆபத்து மட்டும் இரண்டுக்கும் பொது. டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதில் 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் இழுத்த பிறகு அந்த வரம்பு 140. டாட் 4-க்கு 230, 155. கொதித்த ஆயிலில் ஆவி நிரம்பினால் டிரம்மானாலும் டிஸ்க்கானாலும் பெடல் தரையைத் தொடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றாதவருக்கு டிஸ்க்கும் துணை நிற்காது.

மலையிறக்கம்தான் அன்றாடப் பாதை, வண்டியில் எப்போதும் நாலு பேர் என்றால் இந்தக் களத்தில் டிஸ்க்குக்கு மறுபேச்சில்லாத வெற்றி.

மழை, ரிவர்ஸ், ஹேண்ட் பிரேக்

தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் நீர் புகுந்து தங்கும். அடுத்த இரண்டு மூன்று பிரேக்குக்குப் பிடி இருக்காது. லேசாகக் காலை வைத்தபடி கொஞ்சதூரம் ஓட்டி உலர்த்த வேண்டும். டிஸ்க்கில் தட்டு சுழலும்போதே நீர் சிதறிவிடும். மழைக்காலத்தில் தெருவெல்லாம் குளமாகும் ஊர்களில் இது சின்ன விஷயமல்ல.

பின்னோக்கி உருளும்போது மைனரின் முன் டிரம் தலைகீழாகிவிடும். முன்னோக்கிப் போகையில் லீடிங்காக இருந்த இரண்டு ஷூவும் இப்போது எதிர்த்திசையில் நிற்கும். இறுக்கிக்கொள்வதற்குப் பதில் தள்ளி விடப்படும். செங்குத்தான ஏற்றத்தில் நின்று பின்னால் நழுவும் வண்டியைப் பிடிக்கக் காலை நன்றாக ஊன்ற வேண்டியிருப்பது அதனால்தான். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் டிஸ்க்குக்கு ஒரே பிடி.

ஹேண்ட் பிரேக் விஷயத்தில் மட்டும் டிரம் முந்துகிறது. கேபிளை இழுத்தால் ஷூவை விரிக்கும் அந்த எளிய ஏற்பாட்டை டிஸ்க்கில் கொண்டுவரத் தனிப் பொறியமைப்பு வேண்டும். ஆகவே பின்சக்கரத்துக்கும் டிஸ்க் போடுவது வீண்செலவு. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு. பின்னால் பிடி கூடினால் பின்சக்கரம் முதலில் உருள்வதை நிறுத்தி வண்டி சுழன்றுவிடும் ஆபத்து வேறு.

டிரம்மைப் புதுப்பிக்கும் வேலை

மைனரின் டிரம்மைப் பிடித்திருப்பது இரண்டு சின்ன ஸ்க்ரூ. அவற்றைக் கழற்றி டிரம்மை இழுத்தால் வராது. வருஷக்கணக்கில் ஷூ உரசி உரசிப் பள்ளமாகி, ஓரத்தில் ஒரு மேடு எழும்பியிருக்கும்; ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு மரச்சுத்தியால் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். உள்ளே கரும்பொடி. அதைக் காற்றடித்து ஊதக் கூடாது. அந்தக் கால லைனிங்கில் கல்நார் கலந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறிய வேண்டும்.

பிறகு பார்க்க வேண்டியது வீல் சிலிண்டர். அதன் ரப்பர் மூடியை நகத்தால் லேசாக நிமிர்த்தினால், உள்ளே ஈரம் இருந்தால் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் கப் போய்விட்டது என்று அர்த்தம். சிலிண்டரின் உள்சுவரில் துருப்புள்ளி தெரிந்தால் கப் மட்டும் மாற்றிப் பயனில்லை. சிலிண்டரையே மாற்ற வேண்டும். பின்சக்கரத்தில் ஈரம் தெரிந்தால் அது பிரேக் ஆயிலா, ஆக்சில் சீல் வழியாகக் கசியும் கியர் ஆயிலா என்று முகர்ந்து, தடவிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மைனரில் இரண்டாவது சகஜம். சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றினால் புது லைனிங்கும் ஊறிப் போகும்.

டிரம்மை லேத்தில் கடைவது எல்லாரும் செய்வதுதான். கவனிக்கப்படாமல் போவது அதற்கு அடுத்தது. கடைந்த டிரம்மின் உள்விட்டம் கூடிவிடுகிறது. புது ஷூவின் வளைவோ அசல் விட்டத்துக்கு உரியது. அப்படியே மாட்டினால் ஷூவின் நடுப்பகுதி மட்டும் உரசும், இரு நுனியும் தொடாது. மாற்றியும் பிடிக்கவில்லை என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு மூலம் இதுதான். ஷூவில் சாக்பீஸ் தடவி, டிரம்மை மாட்டிச் சுற்றி, எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்து, லைனிங்கை டிரம்மின் வளைவுக்கு ஏற்பத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். ரொம்பக் கடைந்து மெலிந்த டிரம் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் விரியும். அதைக் காப்பாற்ற நினைப்பதைவிடப் புது டிரம் வாங்குவதே லாபம். ஒரு பக்கம் கடைந்தால் மறு பக்கமும், ஒரு பக்கம் மாற்றினால் மறு பக்கமும்.

கடைசியாக அட்ஜஸ்ட்மென்ட். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்டர். டிரம்மில் உள்ள ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு, சக்கரம் இறுகும் வரை திருப்பி, பிறகு ஒரு கிளிக் பின்னுக்கு. இரண்டில் ஒன்றை மறந்தால் அந்தச் சக்கரத்தில் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும். ஆயில் நிரப்பி, ஏர் எடுத்து, பெடல் கல் போல நின்றால் வேலை முடிந்தது. இரண்டு சனி ஞாயிறுகளில் முடியக்கூடிய வேலை. சாமான்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

டிஸ்க்குக்கு மாற்றும் வேலை

மைனருக்கு டிஸ்க் வரும் வழிகள் இரண்டு. ஒன்று, பிற்காலக் கார்களின் காலிப்பரை மைனரின் ஸ்டப் ஆக்சிலில் பொருத்தும்படி பிராக்கெட்டோடு விற்கப்படும் கிட். மற்றொன்று, 1971-ல் வந்த மோரிஸ் மரீனாவின் டிஸ்க் பிரேக். மரீனாவின் முன்சக்கர அமைப்பு மைனரின் டார்ஷன் பார், லீவர் டேம்பர் ஏற்பாட்டின் வழிவந்தது. அதனால் ஒன்றின் பாகம் மற்றொன்றுக்கு அதிக மல்லுக்கட்டில்லாமல் பொருந்துகிறது. சொந்தக்காரரிடமிருந்து கடன் வாங்குவதால் வண்டியின் ஜாதகம் ரொம்ப மாறுவதில்லை.

இரும்பை மாட்டுவது எளிது. வேலைகளின் சங்கிலி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் எஞ்சின் பக்கத்தில் இல்லை. டிரைவரின் காலடியில், தரைவிரிப்புக்குக் கீழே, சேசிஸ் சட்டத்துக்குள் புதைந்திருக்கிறது. அதைக் கழற்றப் போனால் போல்ட்டுக்குக் குறுக்கே டார்ஷன் பார் நிற்கும். டிரம்முக்கென்று செய்த அந்தச் சிலிண்டருக்குள் ஒரு வால்வு உண்டு. லைனில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைத்து, வீல் சிலிண்டருக்குள் காற்று புகாமல் காக்கும். டிஸ்க்குக்கு அந்த அழுத்தம் ஆகாது. பேட் தட்டை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். முன்சக்கர லைனுக்கு அதை நீக்கினாலும் இன்னொரு சிக்கல்: காலிப்பரைவிட மாஸ்டர் சிலிண்டர் தாழ்வாக இருப்பதால், வண்டி நிற்கையில் ஆயில் கீழே திரும்பி வடியும். மறுநாள் முதல் மிதிக்குப் பெடல் ஆழமாகப் போகும். அதைத் தடுக்க மிகக் குறைந்த அழுத்தம் மட்டும் தேக்கும் வேறொரு வால்வை லைனில் சேர்க்க வேண்டும்.

பிறகு பூஸ்டர். எஞ்சின் அறையில் இடம் பார்த்துப் பொருத்தி, இன்லெட் மேனிஃபோல்டிலிருந்து வாக்குவம் எடுத்து, தரைக்கடியிலிருந்து புது பைப் இழுக்க வேண்டும். பிறகு சக்கரம். எல்லா கிட்டும் பழைய வீலுக்குள் அடங்குவதில்லை. சிலவற்றுக்கு வீலையே மாற்ற வேண்டும். கிட்டின் விலையைப் பார்த்து முடிவெடுத்தவர், கடைசியில் அதே அளவுக்குப் பூஸ்டர், பைப், வால்வு, வீல் என்று கொடுத்திருப்பார். டிரம்மைப் புதுப்பிக்கும் செலவு இதன் பக்கத்திலேயே வராது.

பின்னால் இருக்கும் டிரம்கள் பழைய நிலையிலேயே கிடந்தால் இத்தனை வேலையும் அரைகுறைதான். ஆக, டிஸ்க் போடுகிறவரும் மேலே சொன்ன டிரம் வேலையில் பாதியைப் பின்சக்கரத்துக்குச் செய்துதான் தீர வேண்டும்.

இரண்டும் தீர்க்காத குறை

மைனரில் பிரேக் ஆயிலுக்கு ஒரே பாதை. நான்கு சக்கரங்களில் எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும், ஒரு பைப் துருப்பிடித்து உடைந்தாலும், நான்கிலும் பிரேக் போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். டிஸ்க் போட்டால் இது மாறிவிடுமா? மாறாது. பழைய மாஸ்டர் சிலிண்டரோடு டிஸ்க்கை இணைத்தால், அதிக அழுத்தத்தில் அதே ஒற்றைப் பாதைதான் வேலை செய்யும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பாதை தரும் இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவது தனி வேலை. அதை டிரம்மோடும் செய்யலாம், டிஸ்க்கோடும் செய்யலாம். பாதுகாப்பு என்று சொல்லிப் பணம் செலவழிக்கிறவர் டிஸ்க்குக்கு முன் இதைப் பற்றி யோசிக்க வேண்டும். குறைந்தபட்சம் எல்லா ஹோஸையும் புதிதாக்கி, பைப்பைச் செம்பு-நிக்கல் கலவையில் மாற்றிவிட்டால் துருவின் பயம் தீரும்.

பராமரிப்பும் அசல்தன்மையும்

டிஸ்க் தானாகவே அட்ஜஸ்ட் ஆகிக்கொள்ளும். பேட் எவ்வளவு மிச்சம் என்று வீலைக் கழற்றியதுமே கண்ணுக்குத் தெரியும். டிரம்முக்குச் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆள் குனிய வேண்டும். லைனிங்கைப் பார்க்க டிரம்மைக் கழற்ற வேண்டும். மறுபுறம், மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் வண்டியில் டிஸ்க்கின் திறந்த முகம் துருவேறும், காலிப்பர் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். ஓடுகிற வண்டிக்கு டிஸ்க் சுகம். நிற்கிற வண்டிக்கு இரண்டுமே தொல்லைதான்.

அசல்தன்மை என்பதைச் சிலர் மதமாகவே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு நடைமுறையில் ஒரு பொருள் உண்டு: மாற்றம் திரும்பப் பெறக்கூடியதா? பிராக்கெட் வைத்து மாட்டிய டிஸ்க்கைக் கழற்றி டிரம்மை மறுபடி பூட்டலாம். சேசிஸை வெட்டி, ஒட்டுப் போட்டு மாட்டியதைத் திரும்பப் பெற முடியாது. கழற்றிய டிரம், பேக் பிளேட், ஹப் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி எடுத்து வைத்தால் வண்டியின் மதிப்பு குறையாது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவிப்பதும், உள்ளூர்ப் பதிவு விதிகள் எதை மாற்றமாகக் கருதுகின்றன என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் இரண்டாவது தலைவலியைத் தவிர்க்கும்.

தீர்ப்பு

நிறுத்தும் தூரத்தில் டிஸ்க்குக்குப் பெரிய லாபம் இல்லை. சூட்டில், தண்ணீரில், ரிவர்ஸில், அன்றாடப் பராமரிப்பில் லாபம் உண்டு. டிரம்முக்கு லாபம் செலவில், ஹேண்ட் பிரேக்கில், பூஸ்டர் வேண்டாத எளிமையில், மற்ற பாகங்களைத் தொடாமல் வேலை முடிவதில். இரண்டையும் இப்படி எதிரெதிரே எழுதிவிட்டால், எது சிறந்தது என்ற கேள்வி மறைந்து, என் வண்டி எந்தப் பாதையில், எந்த எஞ்சினோடு, எவ்வளவு பாரத்தோடு ஓடுகிறது என்ற கேள்வி எழும்.

அசல் 948 அல்லது 1098 எஞ்சின், சமவெளிச் சாலை, வார இறுதி ஓட்டம் என்றால் புதுப்பித்த டிரம் போதும். 7 அங்குல முன் டிரம் உள்ள வண்டிக்கு 8 அங்குலத்தை மாட்டிக்கொள்வது கம்பெனியே காட்டிய வழி. மலையில் குடியிருப்பவருக்கும், மைனருக்குள் 1275 சி.சி. எஞ்சினை இறக்கியவருக்கும் டிஸ்க் ஆடம்பரம் அல்ல, அவசியம். அந்த எஞ்சின் மைனரை மிட்ஜெட்டாக ஆக்குகிறது. 1962-ல் மிட்ஜெட்டுக்கு என்ன கொடுத்தார்களோ அதை இதற்கும் கொடுத்தாக வேண்டும்.

யாராக இருந்தாலும் வேலையின் வரிசை ஒன்றுதான். முதலில் டயர், ஹோஸ், பைப், ஆயில். அடுத்து நான்கு டிரம்மையும் திறந்து, இருப்பதைச் சரிசெய்து, வளைவு பார்த்து, அட்ஜஸ்ட் செய்து ஓட்டிப் பார்ப்பது. இவ்வளவும் செய்த பிறகும் தான் வழக்கமாகப் போகும் பாதையில் பெடல் ஆழமாக இறங்கினால், டிஸ்க்குக்கு மாறலாம். அதற்குள் செய்த செலவில் பெரும்பகுதி வீணாகியிருக்காது. முன் டிரம்மும் ஷூவும் வீல் சிலிண்டரும் தவிர மற்ற எல்லாமே டிஸ்க் போட்ட வண்டிக்கும் தேவைப்படுபவை.